மகளின் பிறந்த வருடத்தை மாற்றி எழுதச் சொல்கிறார் கோச்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஆறு வருடமாகச் சியர்லீடிங் பயிற்சி எடுக்கிறாள். குழுவாக ஆடி, ஒருவரை ஒருவர் தூக்கிச் சாகசம் செய்யும் விளையாட்டு அது. அணியில் மேலே தூக்கி வீசப்படும் ஃப்ளையர் அவள்தான். இந்த சீசனில் அவளை உயர்மட்ட சீனியர் அணிக்கு மாற்றினார்கள். ஏப்ரலில் சர்வதேசப் போட்டி, இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம், பயணம், சீருடை, நடன அமைப்பு என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். போன வாரம் கோச் கூப்பிட்டு, அந்தப் பிரிவுக்குக் குறைந்தது 14 வயது வேண்டும், இவளுக்கு ஜூனில்தான் 14 ஆகிறது என்றார். "படிவத்தில் பிறந்த வருடத்தை ஒன்று முன்னால் போட்டுக் கொடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார். மகள் இரண்டு நாளாக அழுகிறாள். திறமை இருக்கிற பிள்ளையை வயதைக் காட்டித் தடுப்பது நியாயமா? வழக்குப் போட முடியுமா? தாயாகிய நான் முழுச் சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதாதா? எதுவும் நடக்காவிட்டால் பணமாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: சகோதரி, உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் படிவத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதுதான் அவசரம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால், "நான் கொடுத்த படிவத்தில் பிறந்த தேதி தவறு, சரியான தேதி இது" என்று கோச்சுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தந்தை இதே மாதிரி ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். வேறு விளையாட்டு, ஆனால் அதே கதை. பிறப்புச் சான்றிதழின் நகல் அது. வருடத்தின் கடைசி எண் மேல் வெள்ளை மை பூசி எழுதியிருந்தார்கள். நகலில் அந்த இடம் லேசான நிழலாக விழுந்திருந்தது. புதிய எண் பக்கத்து எண்களைவிட ஒரு நூல் பெரிசு. திருத்தியது பயிற்சி மையத்தில் இருந்த ஒருவர். ஆனால் பக்கத்தின் அடியில் "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை" என்ற வரிக்குக் கீழே இருந்தது தந்தையின் கையெழுத்து. விஷயம் வெளியே வந்ததும் மையம் கையை விரித்துவிட்டது. "பெற்றோர் கொடுத்ததைத்தான் அனுப்பினோம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். உங்கள் கோச் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு நாள் வந்தால் அவரும் அதையேதான் சொல்வார்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். தெரிந்தே தவறான பிறந்த தேதியை எழுதிக் கையெழுத்திடுவது பொய்யான உறுதிமொழி. சான்றிதழையே திருத்திக் கொடுத்தால் ஆவண மோசடி. இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது காப்பீடு. பொய்யான தகவலின் பேரில் அணியில் இடம்பெற்ற பிள்ளை விழுந்து கழுத்தில் அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இந்த மாதிரி ஒரு பொய்யைத்தான். கிடைத்தால் பணம் தர மறுக்கும். பிறகு பயிற்சி தரும் ஜிம்மின் அலட்சியத்துக்காக நீங்கள் இழப்பீடு கேட்டாலும், "வயதை மறைத்து அனுப்பியது தாய்தானே" என்று உங்கள் கையெழுத்தையே எதிரில் வைப்பார்கள்.

"யார் பார்க்கப் போகிறார்கள்" என்பதற்கும் ஒரு பதில் சொல்கிறேன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி வெண்கலம் வென்றது. அந்த வருடத்துக்குள் 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த அணியில் ஒருவருக்கு அப்போது 14 வயதுதான். எப்படித் தெரிந்தது? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவரே அலுவலராகப் பணியாற்றப் பதிவு செய்தபோது கொடுத்த பிறந்த வருடம் 1986. பழைய பதிவில் இருந்தது 1983. 2010இல் பதக்கத்தைப் பறித்து அமெரிக்க அணிக்குக் கொடுத்தார்கள். விதிப்படி வயது சரியாக இருந்த மற்ற பெண்களும் பத்து வருடம் கழித்து அதை இழந்தார்கள். உங்கள் மகள் என்றைக்காவது கல்லூரி அணிக்கோ தேசிய அணிக்கோ உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இப்போதே வெளிநாடு போவதென்றால் பாஸ்போர்ட்டிலேயே அது இருக்கிறது.

சரி, விதிக்கு வருவோம். அந்த விதியை நீங்கள் நேரில் படித்தீர்களா, அல்லது கோச் சொன்னதை மட்டும் வைத்து எழுதினீர்களா? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வயதை எந்த நாளில் கணக்கிடுகிறார்கள் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். ஜிம்னாஸ்டிக்ஸில், போட்டி நடக்கும் வருடத்துக்குள் அந்த வயது ஆனால் போதும். டிசம்பர் 31இல் பிறந்தவரும் தகுதி பெறுவார். பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், சீசன் தொடங்கும் ஜூலை 1க்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். வேறு சில போட்டிகளில் போட்டி நாளன்று நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் போட்டியின் விதி பிறந்த வருடத்தை மட்டும் பார்க்குமானால், ஜூனில் 14 ஆகிற உங்கள் மகள் ஏப்ரல் போட்டிக்கு ஒரு பொய்யும் இல்லாமலே தகுதியானவள். அதனால் முதல் வேலையாக, போட்டி நடத்தும் அமைப்பின் இந்த சீசனுக்கான வயதுப் பட்டியலையும், அதன் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் எடுத்துப் படியுங்கள். போன சீசன் பட்டியல் உதவாது, வருடா வருடம் மாற்றுகிறார்கள். புரியாவிட்டால் மகளின் பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, "இந்தப் பிரிவில் இவளுக்குத் தகுதி உண்டா" என்று அமைப்புக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்தில் வரும் பதில் பிற்பாடு எல்லாவற்றுக்கும் உதவும்.

இல்லை, போட்டி நாளன்று 14 நிரம்பியிருக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது என்றால், அதை எதிர்த்து வழக்குப் போடலாமா? போடலாம், ஆனால் ஜெயிப்பது மிகக் கடினம். விளையாட்டு அமைப்பு தன் போட்டிக்கு வகுக்கும் விதியில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. அமைப்பு தன் சொந்த விதியையே மீறினால், ஒருவருக்கு விலக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால், சீசன் நடுவில் முன்னறிவிப்பில்லாமல் வயதை உயர்த்தினால், அப்போது கேட்க இடமுண்டு. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022இல் சீனியர் வயதை 15இலிருந்து 17 ஆக்கியபோதுகூட ஒரே தாவலாகத் தாவவில்லை. 2023-24 சீசனுக்கு 16, அடுத்த சீசனுக்கு 17 என்று படிப்படியாகத்தான் போனார்கள். ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அவகாசம் வேண்டும் என்பது சட்டப்படியும் சரியான அணுகுமுறை. உங்கள் விஷயத்தில் சீசன் தொடக்கத்திலேயே விதி இருந்திருக்கிறது, ஜிம் பார்க்கவில்லை. தவறு அங்கேதான்.

மேல்முறையீடு என்று போனாலும் முதலில் அமைப்பின் உள்ளேயே போகவேண்டும். அதன் விதிகள் இடம் கொடுத்தால் மட்டுமே சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போகலாம். வேறு கெடு சொல்லப்படாவிட்டால், முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அங்கே மனுப் போடவேண்டும். செலவும் அதிகம். இதை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், நீங்கள் மனதார நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வக்கீலாக மட்டும் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலான விளையாட்டுகளில் பெரியவர்களோடு மோதும்போது சின்னப் பிள்ளை தோற்கும். அதனால் யாரும் அவசரப்பட்டு மேலே ஏற்றுவதில்லை. சியர்லீடிங்கில் நிலைமை தலைகீழ். ஃப்ளையர் எவ்வளவு சின்னவளாக, எடை குறைந்தவளாக இருக்கிறாளோ, அவ்வளவு உயரம் போவாள். ஃப்ளையரைக் கைகளால் மேலே வீசிப் பிடிக்கும் பாஸ்கெட் டாஸை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கீழே நின்று தாங்கும் இரண்டு பேஸ்கள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துச் சதுரமாகக் கட்டிய கைகளின் மேல் அவள் நிற்கிறாள். பின்னால் நின்று காப்பவர் பேக் ஸ்பாட். எண்ணி வீசுகிறார்கள். மேலே போய் அவள் சுழன்று முடித்துக் கீழே வரும்போது, அந்தக் கைகள் சரியான இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையைத் தவிர அவளிடம் எதுவுமில்லை. பதினெட்டு வயதுப் பெண்கள் இருக்கும் அணிக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது ஃப்ளையர் கிடைத்தால் அது பெரிய லாபம். லாபம் அணிக்கு, ஆபத்து பிள்ளைக்கு. அந்தக் கணக்கை அமைப்புகள் புரிந்துகொண்டதால்தான் மேல் லெவல்களில் பிரிவுகளுக்குக் கீழ்வரம்பும் வந்தது.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் சியர்லீடிங் காயங்களைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. பல ஆண்டுத் தரவுகளின்படி, அந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு விளையாட்டில் நேர்ந்த மிகக் கடுமையான தலை, முதுகெலும்புக் காயங்களில் பாதிக்கு மேல் சியர்லீடிங்கில் நேர்ந்தவை. இந்த வயதில் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. எடை கூடக்கூடாது என்று அவள் சாப்பாட்டைக் குறைக்கிறாளா என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். ஃப்ளையர்களுக்கு இந்த அழுத்தம் வெளியே தெரியாமல் வரும். மாதவிடாய் தள்ளிப்போவதும் அடிக்கடி எலும்பு வலிப்பதும் அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

இதனால்தான் உங்கள் சம்மதம் இங்கே போதாது. பெற்றோரின் சம்மதம் இருக்கிறதா என்று பார்த்து அந்த விதியை எழுதவில்லை. பெற்றோர், கோச், பிள்ளை மூன்று பேரும் சம்மதித்தாலும் தடுப்பதற்காகவே எழுதினார்கள். 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. 12ஆம் பிரிவு, பிள்ளையின் கருத்தைக் கேட்டு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பைக் கொடுக்கச் சொல்கிறது. மகள் என்ன நினைக்கிறாள் என்பதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆபத்தைத் தாங்கும் முடிவை அவள் தலையில் வைக்கக்கூடாது.

"எந்தக் காயத்துக்கும் ஜிம் பொறுப்பில்லை" என்று ஒரு காகிதத்தில் சீசன் தொடக்கத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பிள்ளைக்கு வரப்போகும் இழப்பீட்டு உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதைப் பல நாடுகளில் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஏற்கும் இடங்களிலும் கடுமையான அலட்சியத்துக்கு அந்தக் காகிதம் கவசமாகாது. வயது குறைந்தவள் என்று தெரிந்தே மேல் லெவல் ஸ்டண்டில் நிறுத்துவது அலட்சியம் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. இன்னொன்று: வயது விதி பெரும்பாலும் போட்டி மேடையைத்தான் கட்டுப்படுத்தும், பயிற்சிக் கூடத்தை அல்ல. இந்த ஏழு வாரமும் அவளை அதே டாஸுக்கு மேலே அனுப்பப்போகிறார்களா என்று கேளுங்கள். அந்த லெவலைக் கற்பிக்கத் தகுதிச் சான்று கோச்சிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பணம் கிடைக்குமா? நல்ல வாய்ப்பு இருக்கிறது. சேரும்போதே பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருப்பீர்கள். அவள் வயது தெரிந்தும், விதியைப் பார்க்காமல் அந்த அணியில் போட்டு, அந்தப் போட்டிக்கென்று பணம் வாங்கியிருக்கிறார்கள். இது சேவைக் குறைபாடு. "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரி, நீங்களாக விலகினால் செல்லும். அவர்கள் தவறுக்கு அவர்களே ஒளிந்துகொள்ள அது உதவாது. நுழைவுக் கட்டணம், பயணப் பணம், இந்தப் போட்டிக்கென்றே வாங்கிய சீருடை, நடன அமைப்பில் அவள் பங்கு ஆகியவற்றைக் கேளுங்கள். நடந்து முடிந்த மாதப் பயிற்சிக்கான கட்டணத்தைக் கேட்க வேண்டாம். பயிற்சி கிடைத்துவிட்டது, அதைச் சேர்த்தால் உங்கள் மற்ற கோரிக்கையும் பலவீனமாகும். ரசீதுகள், அவளை அணியில் சேர்த்ததாக வந்த செய்தி, வருடத்தை மாற்றச் சொன்ன செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வாயால்தான் சொன்னார் என்றால், "போன வாரம் நீங்கள் வருடத்தை மாற்றி எழுதச் சொன்னீர்கள், என்னால் முடியாது" என்று இன்றே ஒரு செய்தி அனுப்பிவையுங்கள். மரியாதையாக ஒரு கடிதம், இரண்டு வாரக் கெடு. பதில் வராவிட்டால் உள்ளூர் வக்கீல் மூலம் நோட்டீஸ், பிறகு நுகர்வோர் மன்றம் அல்லது சிறு வழக்கு நீதிமன்றம். இந்த அளவிலேயே பல விவகாரங்கள் முடிந்துவிடும்.

கடிதத்தில் இன்னும் ஒரு கோரிக்கையைச் சேர்க்கச் சொல்வேன். இந்த சீசனில் அவள் வயதுக்குரிய பிரிவில் இடம் கொடுக்கும்படி கேளுங்கள். கூடவே, அவளைத் தவறான பிரிவில் போட்டது ஜிம்மின் பிழை என்று கோச் அணியின் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால், கடைசி நேரத்தில் அணியைக் கைவிட்டவள் என்ற பேச்சு அந்தப் பிள்ளைமேல் விழும். அவள் அழுவதில் பாதி அதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அமைப்பின் பதில் வந்ததும் கோச்சிடம் உங்கள் முடிவைத் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள். வேறு ஃப்ளையரைப் பழக்கவேண்டியிருந்தால், ஏழு வாரம் என்பது அந்த அணிக்கும், புதிதாக மேலே ஏறப்போகும் பெண்ணுக்கும் குறைந்த நேரம்தான்.