சின்னக் கட்சியை டிவி விவாதத்துக்குக் கூப்பிடாட்டி என்ன செய்யிறது?

தம்பி, வவுனியாவில தேர்தல் கேக்கிற உங்கட கட்சியை "சின்னக் கட்சி" எண்டு சொல்லி டிவி விவாதத்துக்குக் கூப்பிடேல்லை எண்டு எழுதியிருந்தீங்கள், வாசிக்கவே கோவம் வந்தது. முதல்ல அந்தச் சேனலுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, என்ன அளவுகோல் வச்சு ஆக்களைத் தெரிவு செய்தனீங்கள் எண்டு மட்டும் கேளுங்கோ, சண்டை பிடிக்க வேண்டாம். நாடு முழுக்க பெரிய கட்சி எது எண்டு பாத்துத்தான் கூப்பிட்டம் எண்டு சொன்னா அது வவுனியா அடங்கிற வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குப் பொருந்தாது. 2024 பொதுத் தேர்தல்ல வன்னியில இருந்த 6 ஆசனமும் 5 கட்சிக்குப் பிரிஞ்சுதான் போனது, இலங்கை தொழிலாளர் கட்சி எண்ட சின்னக் கட்சிக்கும் ஒண்டு கிடைச்சது. மாவட்டத்தில 5 வீத வாக்குத் தாண்டினாலே ஆசனக் கணக்குக்குள்ள வரலாம் எண்டுதான் சட்டமே சொல்லுது, அப்ப கொழும்பில ஆர் பெரிசு எண்டு பாத்து வன்னிச் சனத்துக்கு ஏன் மறைக்கோணும்?

பதில் வராட்டி தேர்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கோ, ஒரு பிரதி கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) குடுங்கோ, அங்க அரசாங்க அதிபர்தான் தெரிவத்தாட்சி அலுவலர், அதாவது மாவட்டத்தில தேர்தலை நடத்திற அதிகாரி. ஊடகங்களுக்கு வழிகாட்டி நெறி போட ஆணைக்குழுவுக்கு அரசியலமைப்பு 104ஆ உறுப்புரையில அதிகாரம் இருக்கு. நிகழ்ச்சி போன திகதி, நேரம், ஆர் ஆர் வந்தவை எண்டதையும் சேருங்கோ, ஏலுமெண்டா ரெக்கோர்டிங்கும். எல்லாரையும் ஒரே மேசையில இருத்த ஏலாது எண்டுவினம், அப்ப சீட்டுக் குலுக்கி ரெண்டு நாளாப் பிரியுங்கோ எண்டு நீங்களே எழுதிக் குடுங்கோ. மற்றச் சின்னக் கட்சியள், சுயேச்சைக் குழுக்களிட்டயும் கையெழுத்து வாங்குங்கோ, தனிய அனுப்பாதேங்கோ.