ஓடுகிற பிளானரை எடைக்குக் கொடுக்காதீர்கள்

"அப்பாவின் தச்சுப் பட்டறையை மூடுகிறோம். மரம் இழைக்கும் 12 அங்குல பிளானரைக் காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். என்ன விலை சொல்லலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், மெஷின் விற்கும்வரை பட்டறையின் கரண்ட் இணைப்பை ஒப்படைக்காதீர்கள். கண்ணெதிரே ஓடும் மெஷினுக்குக் கிடைக்கும் விலை வேறு, "நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடுச்சு" என்பதற்குக் கிடைக்கும் விலை வேறு.

எடை விலை உங்கள் அடிமட்டம். அதிலும் மோட்டாரை இரும்போடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள். ஓடுகிற 3 எச்.பி. மோட்டார் தனியாகவே விலை போகும். மேல்மட்டம், இதே அளவில் வார்ப்பிரும்பு உடலோடு வரும் புது மெஷினின் இன்றைய விலை. அப்பா வாங்கிய பழைய பில்லை மறந்துவிடுங்கள். வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால், புது மெஷினுக்குக் கட்டும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். அதனால் வரி நீங்கிய விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அதில் பாதியில் பேச்சைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. அதிகம் என்று தரகர்கள் சொல்வார்கள். தகட்டை வெல்டிங் வைத்துச் செய்த உடல் என்றால் அவர்கள் சொல்வது சரி. வார்ப்பிரும்பு மெஷினில் தேய்வது சில பாகங்கள்தான். அவற்றின் செலவைக் கழித்துவிட்டால் மிச்சத்துக்கு விலை கேட்பதில் தவறே இல்லை.

எதைக் கழிப்பது? இரண்டடி நீளத்தில் இரண்டு பலகை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பை அதே மெஷினில் இழையுங்கள். இழைத்த விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவிலோ முனைகளிலோ வெளிச்சம் கசிந்தால், ஒன்று பிளேடு உயரம் தப்பியிருக்கிறது, அல்லது பிளேடுக்கு முன்னும் பின்னும் உள்ள மேஜைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பிளேடைப் பின்மேஜை மட்டத்துக்கு வைத்த பிறகும் கசிந்தால், மேஜைமேல் நேர்விளிம்புக் கம்பியை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. நுழைந்தால் கவலை இல்லை. 0.3 தாராளமாக நுழைந்தால் மேஜையைச் சமப்படுத்தும் கிரைண்டிங் செலவைக் கழிக்கத்தான் வேண்டும்.

பிளேடுகள் பூட்டிய உருளையான கட்டர் பிளாக்கைக் கையால் சுற்றினால் கரகரப்பு தெரிந்தால் பேரிங் போயிருக்கும். அது சின்னச் செலவு. பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்டே தேய்ந்திருந்தால் லேத்துக்குப் போகவேண்டும், கழிவு பெரிதாகும். பேரிங் உட்காரும் கூட்டைச் சுற்றி விரிசலோ ஒட்டு வெல்டிங்கோ இருந்தால் வாதாடாமல் எடைக்கே கொடுங்கள். அது யார் கையையாவது பதம் பார்க்கும்.

மோட்டாரை அரை மணி நேரம் ஓட்டி, ஆம்பியரைப் பெயர்த்தகட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காயிலின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் 1 மெகாஓமுக்குக் குறைந்தால், ஈரமா காயில் பழுதா என்று காயவைத்து மறுபடி பாருங்கள். ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: தாமிரக் காயிலைக் கழற்றி வைத்துக்கொண்டு அலுமினியத்தைச் சுற்றிக் கொடுத்து, தாமிரத்துக்கான காசையே வாங்கும் ரீவைண்டிங் கடைகள் இருக்கின்றன. விற்கும்போதுதான் அந்த நஷ்டம் தெரியவரும். ரீவைண்டிங் ஆன மோட்டார் என்றால் காயில் எதில் சுற்றியது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பேச்சுக்கு, வரி நீங்கிய புது விலை 1,00,000 என்று வையுங்கள். பாதி 50,000. பேரிங்கும் கூலியும் 2,500, பிளேடு செட் 3,000, கிரைண்டிங் 6,000 போனால் 38,500. இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர்க் கடைகளில் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வாங்குபவரிடமே காட்டுங்கள், பேரம் பாதியாகக் குறையும்.

புதிதாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள், விரிசலை மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். பலகையை அணைத்துத் தள்ளும் தடுப்பான ஃபென்ஸ், பிளேடு மூடி, ஸ்டார்ட்டர், ஸ்பேனர் எல்லாவற்றையும் தேடி எடுத்து மெஷினோடு வையுங்கள். ஏற்றுக்கூலி, வண்டி வாடகை யார் பொறுப்பு என்பதையும் அட்வான்ஸ் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.