கெமிஸ்ட்ரியா, இன்ஜினியரிங்கா?

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பை முடித்த என் மகள், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. மனுவில் கெமிஸ்ட்ரியைத்தான் முதலில் போடுவேன் என்று நிற்கிறாள். கெமிஸ்ட்ரி படித்தால் டியூஷன் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கணும், ஏதாவது ஓர் இன்ஜினியரிங்கைப் போடச் சொல் என்கிறார்கள் அவள் மாமாக்கள். எது நல்லது?
– ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அந்த ‘ஏதாவது ஓர்’ என்பதுதான் அக்கா, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் தங்கை மகன் அப்படித்தான் ஏதாவது ஒன்றில் சேர்ந்தான். தனியார் கல்லூரி, நான்கு வருடம், தலைமேல் பி.டி.பி.டி.என். கல்விக் கடன். கடைசி வருடத்தில்தான் தெரிந்தது, அந்தப் படிப்பு பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலிலேயே இல்லை என்று. அன்று ராத்திரி அவன் சாப்பிடாமல் படுத்தது இன்னும் எனக்கு மனசில் நிற்கிறது.

நம் மலேசியாவில் இன்ஜினியர் என்கிற பட்டத்துக்குப் பின்னால் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, வாரியத்தில் பதிந்து, குறைந்தது மூன்று வருடம் வேலை பார்த்து, அப்புறம் தேர்விலும் தேறினால்தான் பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ போடலாம். பாலத்துக்கோ கட்டடத்துக்கோ வரைபடத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான். உங்கள் மகளுக்கு அந்தக் கையெழுத்து மேல் ஆசை இருந்தால் கட்டாயம் இன்ஜினியரிங் போடட்டும், கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அந்தப் பக்கம் தாவுவது லேசில்லை. அந்த ஆசையே இல்லாத பிள்ளையை எதற்கு அங்கே தள்ள வேண்டும்?

கெமிஸ்ட்ரிக்கும் சட்டம் இருக்கிறது என்பது மாமாக்களுக்குத் தெரியாது போல. 1975-ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டம். தண்ணீரோ உணவோ பாமாயிலோ, ஆய்வுக்கூட அறிக்கையில் கையெழுத்துப் போட, பதிவுபெற்ற கெமிஸ்ட் வேண்டும்.

சுங்கை ஆராவில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் கெமிஸ்ட்ரிதான் படித்தாள். முதல் இரண்டு வருடம் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் குறைவு, வீட்டில் எல்லாரும் புலம்பினார்கள். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு சிப் கம்பெனியில், பழுதாகித் திரும்பி வரும் சிப் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்கும் பிரிவில் இருக்கிறாள். சிப்பை மூடியிருக்கும் கறுப்புப் பிசினைப் புகையும் நைட்ரிக் அமிலத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். சூடு கூடினாலோ ஒரு சொட்டு அதிகமானாலோ உள்ளே இருக்கும் சாட்சியே அழிந்துபோகும். சரியாகக் கரைந்தால் தலைமுடியில் பாதிகூடத் தடிமன் இல்லாத தங்கக் கம்பிகள் வரிசையாகத் தெரியும், அதில் எது அறுந்திருக்கிறது என்று அப்புறம் மைக்ராஸ்கோப்பில் தேடுவாள். பக்கத்து மேசையில் இருப்பவர் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், அமில வேலை வந்தால் அவர் இவளைத்தான் கூப்பிடுகிறாராம்.

இன்டெல் 1972-ல் பினாங்குக்கு வந்த இரண்டு வருடத்தில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய என் அம்மா இதே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து இதே மாதிரி கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டுவதுதான் வேலை. நாற்பது வயதுக்கு முன்னாலேயே கண்ணாடி போட்டுவிட்டார். அவர் ஒட்டியது போன்ற கம்பி ஏன் அறுந்தது என்று சொல்ல இன்று நம் வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளைப் போய் ‘டியூஷன் டீச்சர்’ என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு முதல் வேலை அமைய நாள் ஆகும், டிகிரி வைத்திருந்தும் டெக்னீஷியன் பதவி தருகிறேன் என்பார்கள். அதனால் தொழிற்பயிற்சியை எங்கே செய்கிறாள் என்பதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள், ஆய்வுக்கருவிகளைத் தன் கையால் இயக்கிப் பழகட்டும், புள்ளியியல் பாடத்தை ஒதுக்க வேண்டாம்.

கெமிஸ்ட்ரியே முதலில் இருக்கட்டும். அடுத்த தேர்வாக இன்ஜினியரிங் போட்டால், பெயரில் ‘டெக்னாலஜி’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது வேறு பாதை, ‘ஐ.ஆர்.’ பக்கம் போகாது. அங்கீகாரப் பட்டியலிலும் கல்லூரி பெயரை மட்டும் பார்த்தால் போதாது, படிப்பின் முழுப்பெயரும் சேரும் ஆண்டும் பொருந்த வேண்டும். குழப்பமாக இருந்தால் படிப்பின் பெயரை எழுதி அனுப்புங்கள் அக்கா, மனுவுக்குக் கடைசி நாள் வருவதற்குள் நானே பார்த்துச் சொல்கிறேன்.