ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆச்சு, பணம் எங்கே? – கேள்வி பதில்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்கிற பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை.

கேள்வி: சார், மகளுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பேங்கில் ஆதார் எப்போதோ கொடுத்துவிட்டோமே?

பதில்: நீங்கள் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ் கேஒய்சிக்கு, அதாவது கணக்கு வைத்திருப்பவர் யார் என்று சரிபார்க்கப் போயிருக்கும். டிபிடி, அதாவது அரசு நேராகக் கணக்கில் போடும் பணம் வர அது போதாதுங்க. எந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்று குறித்துவைக்கும் பட்டியலான என்பிசிஐ மேப்பரில் மகளின் ஆதாருக்கு எந்த பேங்க் பதிவாகியிருக்கிறதோ, பணம் அங்கேதான் இறங்கும். ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க். கடைசியாக சீடிங் செய்ததே (அந்தப் பட்டியலில் இணைத்ததே) செல்லும். எங்கோ கைரேகை வைத்துத் திறந்து மறந்துபோன பேமென்ட்ஸ் பேங்க் கணக்கில் தொகை கிடப்பதும் உண்டு.

மைஆதார் தளத்தில் மகளின் எண்ணைப் போட்டு, ஓடிபி கொடுத்து, பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாருங்கள். பேங்க் பெயரும் ஆக்டிவா இல்லையா என்பதும் தெரியும். வேறு பேங்க் பெயர் காட்டினால், வேண்டிய பேங்க் கிளைக்கு மகளையே அழைத்துப் போய், "டிபிடிக்காக என்பிசிஐ சீடிங்" என்று சொல்லிப் படிவம் கொடுங்கள். "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால் மறுபடி கேஒய்சியைத்தான் செய்து அனுப்புவார்கள்.

கேள்வி: என்எஸ்பியில் (மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் தளத்தில்) பெயர் பொருந்தவில்லை என்கிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால்.

பதில்: நம்ம ஊர் இனிஷியல் படுத்தும் பாடு! பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் மாற்றலாம்; அதனால் வருமானச் சான்று, பேங்க் கணக்கு, கல்லூரிப் பதிவு எல்லாவற்றிலும் எப்படி வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பையன் 82 சதவீதம். மத்திய அரசின் பிஎம்-யுஎஸ்பி ஸ்காலர்ஷிப்புக்கு 80 போதும் என்கிறார்களே?

பதில்: அந்த 80 பெர்சன்டைல், சதவீதம் இல்லை. அந்த போர்டில், அவர் பிரிவில் எழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். மார்க் மழை பெய்த ஆண்டில் 82 வெளியே நிற்கலாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலையில் முதல் 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது வருகையில்தான்.

கேள்வி: ஸ்டேட்டஸ் "டிஃபெக்டட்". ரிஜெக்ட் ஆகிவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. கல்லூரி திருத்தச் சொல்லித் திருப்பியிருக்கிறது. காரணத்தைப் படித்து, சரிசெய்து, கடைசித் தேதிக்குள் மறுபடி சமர்ப்பியுங்கள். அதோடு கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பைக் கவனிக்கும் நோடல் ஆபீசரை நேரில் பாருங்கள். அவர் சரிபார்த்து மேலே அனுப்பாவிட்டால் உங்கள் விண்ணப்பம் அவர் லாகினிலேயே கிடக்கும்.

கேள்வி: தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கினால் வேறு ஸ்காலர்ஷிப் வெட்டுப்படுமா அக்கா?

பதில்: வெட்டுப்படாது, இரண்டும் வாங்கலாம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனும் மாதம் 1,000தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது வரலாம். ஆர்டிஇயில் (கல்வி உரிமைச் சட்ட இடத்தில்) 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் அரசுப் பள்ளி என்றாலும் புதுமைப் பெண்ணுக்குத் தகுதி உண்டு. இது தெரியாமலே விடுகிறார்கள். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான்.

கேள்வி: குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு உண்டா?

பதில்: இல்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் எடுத்த சீட்டுக்கு மட்டும். தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கட்டணம் குறையும். அண்ணன் அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இதற்கான சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாலுகா என்று நகரும்; எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடினால் வரிசை பெரிதாக இருக்கும்.

கேள்வி: மகள் பி.இ. முதலாண்டு. வருமானம் 6 லட்சம். எதுவுமே கிடைக்காதா?

பதில்: தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ பெண்களுக்குத் தரும் பிரகதி ஸ்காலர்ஷிப் இருக்கிறதே! வருமான வரம்பு 8 லட்சம், ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஒரு குடும்பத்தில் 2 பெண்கள் வரை. என்எஸ்பி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மகள் பெயரில் இருப்பது வரவு வரம்புள்ள ஸ்மால் அக்கவுன்ட் என்றால் அந்தத் தொகை ஏறாமல் திரும்பிவிடலாம். முழு கேஒய்சி கொடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.