பல்லுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்மாவுக்கு 66. இருவரும் அம்பாசமுத்திரத்தில், நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கடைவாய்ப் பல் மூன்று விழுந்துவிட்டது, பல்செட் வைக்க வேண்டும். இருவர் பேரிலும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது 8,400 ரூபாய் கூடக் கட்டினால் பல் வைத்தியமும் சேரும் என்கிறார் ஏஜென்ட் அண்ணாச்சி. சேர்க்கவா?

பதில்: வேண்டாம்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். இது ஓ.பி. செலவுக்கான, அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் வெளிநோயாளியாகப் பார்க்கும் வைத்தியச் செலவுக்கான, இணைப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 10,000 ரூபாய். அதற்குள் பல்லுக்கு 5,000தான். சுத்தம் செய்வது, பிடுங்குவது, அடைப்பது, வேர் சிகிச்சை உண்டு. பல்செட், கேப், இம்பிளான்ட் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு வேண்டியதே பல்செட்தானே!

முதல் வருஷம் பல் செலவு எதையும் கேட்க முடியாது. மூன்று வருஷத்தில் நீங்கள் கட்டுவது 25,200. பல் கணக்கில் அதிகபட்சம் வருவது 10,000. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை என்று மொத்த வரம்பையும் ஒரு ரூபாய் விடாமல் வாங்கினாலும் வருஷத்துக்கு மிஞ்சுவது 1,600. அதற்கும் பட்டியலில் உள்ள கிளினிக்குக்குத்தான் போக வேண்டும், அவை இருப்பதோ பாளையங்கோட்டையில். இரண்டு பேர் நாலு தடவை போய்வந்தால் அந்த லாபத்தில் என்ன நிற்கும்?

கையிலிருந்து கட்டிச் சமாளிக்க முடியாத செலவுக்குத்தான் காப்பீடு. பல் செலவு கடிக்கும், ஆனால் குடும்பத்தைச் சாய்க்காது. சாய்க்கக்கூடியது விபத்தில் தாடை முறிவதும் வாய்ப் புற்றுநோயும். அவற்றுக்கு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் இப்போதிருக்கும் பாலிசியே, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கைகொடுக்கும். வீட்டில் யாருக்காவது வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்து, வாயில் ஆறாத புண்ணும் இருந்தால், காப்பீட்டுப் பேச்சை ஓரம்கட்டிவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

8,400 என்பது மாதம் 700. அதை அம்பை தபால் நிலையத்தில் ஆர்.டி.யாகப் போடுங்கள். பல்செட்டுக்கு இப்போதே ஆகும் செலவைச் சேமிப்பிலிருந்து எடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது. காவல்கிணறு பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு, உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். அம்பையிலிருந்து தூரம் வேறு. எங்கே போனாலும் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கிளப்பிவிடும்.

வரிச்சலுகை என்று சொல்லி யாராவது ஆசை காட்டலாம். வருமான வரியில் மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 50,000 வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 8,400க்காக முறையை மாற்றாதீர்கள்.

இந்த யோசனையில் மூலப் பாலிசியைப் புதுப்பிக்கும் தேதியைக் கோட்டை விட்டுவிட வேண்டாம். சலுகை நாட்களும் தாண்டி அது காலாவதியானால், சர்க்கரைக்கு இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் (பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கேட்க முடியாத காலம்) வீணாகும். 71 வயதில் புதிதாக எடுத்தால் அதற்காக மூன்று வருஷம் வரை மறுபடி காத்திருக்க நேரலாம். இணைப்பு வேண்டாம் என்று அண்ணாச்சிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, மூலப் பிரீமியத்தை இந்த வாரமே கட்டிவிடுங்கள்.