பேங்காக்: சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து அசோக் போக

வெள்ளி மாலை 6 மணிக்கு இறங்குகிறீர்கள், கூடவே அம்மா, இரண்டு பெட்டி, தங்குவது அசோக் பக்கம். டாக்சியா ரயிலா என்கிறீர்கள். ரயில்தான். அந்த நேரத்து சுகும்வித் சாலையில் டாக்சி ஊரும், மீட்டர் ஓடும்.

விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ஏர்போர்ட் ரயில் லிங்க் புறப்படுகிறது. முதல் நிலையம் என்பதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். மக்கசானில் இறங்கி, நடைபாலம் வழியே பெட்ச்சபுரிக்குப் போய், மெட்ரோவில் ஒரே நிறுத்தம் போனால் சுகும்வித் நிலையம், அது இருப்பது அசோக்கில்தான். தூரம் குறைவு. ஆனால் பெட்டிகளோடு அந்த நடை எனக்குப் பிடிக்காது. அதனால் மக்கசானில் இறங்காமல், ரயில் லிங்கின் கடைசி நிலையமான பயா தாய் வரை போய் பி.டி.எஸ். என்ற மேம்பால ரயிலில் ஏறுங்கள். வழியில் சியாம் நிலையத்தில் கூட்டம் அம்மும், பயப்படாதீர்கள், இறங்க வேண்டாம். அதே வண்டி நேராக அசோக் போகும். அப்புறம், பி.டி.எஸ்.ஸுக்குத் தனி டிக்கெட்.