சோமாலியாவில் வெளிநாடுகள் தலையிடுவதை சோமாலி மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? எல்லாரையும் வெறுக்கிறார்களா?

இல்லை. எத்தியோப்பியப் படை, உகாண்டாப் படை, துருக்கி மருத்துவமனை, விமான நிலைய மதிலுக்குள் இருக்கும் மேற்கத்தியத் தூதர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் அவர்களுக்குத் தனித்தனிக் கருத்து உண்டு. அதுவும் ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் மாறும். ஆனால் எந்தக் குலத்தாரிடம் பேசினாலும் கடைசியில் ஒரு குறையில் வந்து நிற்பார்கள்: எங்கள் தலைவர் யார் என்பதை வெளியூர் ஓட்டலில் வைத்து முடிவு செய்கிறார்கள். அப்படி அங்கீகாரம் பெற்றவர் கைக்குப் பணமும் ஆயுதமும் போகின்றன. அதனால் ஊரில் செல்வாக்கைத் தேடுவதைவிட வெளியில் அங்கீகாரம் தேடுவதே அரசியல்வாதிக்கு லாபம்.

இது 1991-லேயே ஆரம்பித்துவிட்டது. சர்வாதிகாரி சியாட் பாரே ஜனவரியில் ஓடினார். ஜிபூட்டியில் கூடிய மாநாடு அலி மஹ்தியை அதிபர் என்றது. பாரேயை விரட்டிய சண்டையில் முன்னே நின்ற ஃபரா அய்தீத் அதை ஏற்கவில்லை. நவம்பரில் தலைநகர் மொகடிசு இரண்டாகப் பிளந்தது. ஊரைப் பிடித்த பஞ்சத்தில் உணவு லாரிகளைக் கொள்ளையடித்தவர்கள் இதே கோஷ்டிகளின் ஆட்கள்தான்.

அந்த நேரத்தில் வந்த ஐநா தூதர் முகமது சஹ்னூனை சோமாலியர்கள் இன்றும் மரியாதையோடு நினைப்பார்கள். அல்ஜீரியக்காரர். போர்த்தலைவர்களோடு மட்டும் பேசாமல் குலப் பெரியவர்களையும் தேடிப் போய்ப் பேசினார். ஐநா காட்டிய தாமதத்தை வெளிப்படையாகக் கண்டித்ததால் தலைமையோடு உரசல் வந்து, 1992 அக்டோபரில் பதவி விலகினார். இரண்டே மாதத்தில் அமெரிக்கப் படை கரை இறங்கியது. அன்றைய ஐநா பொதுச் செயலர் புட்ரோஸ் காலி எகிப்திய அமைச்சராக இருந்தபோது பாரேக்கு வேண்டியவராக நடந்துகொண்டவர் என்பது அய்தீத் தரப்பின் கோபம். 1993 ஜனவரியில் அவர் மொகடிசு வந்தபோது கல்லெறி விழுந்தது.

வெளியுலகில் பலரும் நினைவில் வைத்திருப்பது 1993 அக்டோபர் 3-ம் தேதி மொகடிசுவில் நடந்த சண்டையையும் அதில் செத்த 18 அமெரிக்கச் சிப்பாய்களையும்தான். அன்று செத்த சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் என்பது பலருக்குத் தெரியாது. அய்தீத்தின் ஹபர் கித்ர் குலத்தாரிடம் கேட்டால் அதற்கு முந்தைய ஜூலை 12-ஐச் சொல்வார்கள். ஜூன் 5-ல் ஐநா படையின் பாகிஸ்தான் சிப்பாய்கள் 24 பேர் கொல்லப்பட்ட பிறகு ஐநா அய்தீத்தை வேட்டையாடிக்கொண்டிருந்தது. அந்த நாளில் அக்குலப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசித் தகர்த்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் இறந்தவர்கள் 54 பேர். ஐநா சொன்னது அதைவிடக் குறைவு. சமாதான வழி பேசத்தான் கூடினார்கள் என்பது அந்தக் குலத்தார் வாதம். சோமாலி வழக்கத்தில் சண்டையை நிறுத்தும் அதிகாரம் அந்தப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அதுவரை அய்தீத்தைப் பிடிக்காமல் இருந்தவர்கள்கூட அதன் பிறகு அவர் பின்னால் நின்றார்கள்.

ஆனால் இதே 1992-93 பற்றி பைடோவாவில் கேளுங்கள், வேறு கதை வரும். பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்டவர்கள் அங்குள்ள ரஹன்வெய்ன் குல விவசாயிகள். அவர்கள் தானியத்தைப் பறித்தது வெளிநாட்டான் இல்லை, பிற குலங்களின் ஆயுதக் கும்பல்கள். வெளிநாட்டுப் படை வந்ததால்தான் பிழைத்தோம் என்பவர்கள் அங்கே உண்டு. (1993 கடைசியில் அந்தப் பகுதி இந்திய ராணுவத்தின் ஒரு பிரிகேட் பொறுப்பில் இருந்தது. நம்மூரில் இது யாருக்கும் நினைவில்லை.)

மாநாட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குறை புரிய அதுதான் நல்ல உதாரணம். 2002-ல் தொடங்கி 2004 வரை கென்யாவில் நடந்த பேச்சுவார்த்தையின் செலவில் பெரும்பங்கு ஐரோப்பியப் பணம். இரண்டு வருடம் பிரதிநிதிகள் அங்கேயே தங்கினார்கள். யார் உண்மையான பிரதிநிதி என்பதே பாதி சண்டை. முடிவில் 275 பேர் நாடாளுமன்றம் வந்தது: நான்கு பெரிய குலக் குடும்பங்களுக்குத் தலா 61, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 31. இதைத்தான் 4.5 கணக்கு என்கிறார்கள். சிறுபான்மையினருக்கு அந்த 'அரை' ஆறாத அவமானம். அப்துல்லாஹி யூசுஃப் அதிபரானார், பதவியேற்பும் நைரோபியில்தான். அந்த அரசால் சொந்தத் தலைநகருக்குள் நுழைய முடியவில்லை. முதலில் ஜோஹர் நகரில் இருந்தது, பிறகு பைடோவாவில்.

இதற்கு எதிராக சோமாலியர்கள் எடுத்துவைப்பது வடமேற்கே, தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் 1993-ல் நடந்த போராமா மாநாடு. 150 பெரியவர்கள், நாலு மாதத்துக்கு மேல் பேச்சு, செலவில் பெரும்பகுதி உள்ளூர்ச் சமூகங்களின் கையிலிருந்து. மரத்தடியில் பேசிப் பேசி இகால் என்பவரை அதிபராக்கி, பெரியவர்கள் சபையை மேலவையாகவே ஆக்கினார்கள். அன்று எந்த நாடும் அங்கீகரிக்காததால் பங்கு போட வெளிப்பணம் இல்லை. உள்ளூர் வியாபாரிகளிடமும் பெர்பெரா துறைமுக வரியிலும்தான் அரசு நடந்தாக வேண்டியிருந்தது. அதனால் ஜனங்களிடம் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது. ஆனால் சோமாலிலாந்தைச் சொர்க்கமாக வரைபவர்களை நம்ப வேண்டாம். 2023-ல் லாஸ் அனோத் நகரின் துல்பஹந்தே குலத்தார் அதே அரசோடு போரிட்டு அதன் படையை வெளியேற்றினார்கள்.

கசப்பு உச்சத்துக்குப் போனது 2006-ல். மொகடிசுப் போர்த்தலைவர்கள் சிலர் பயங்கரவாத எதிர்ப்பு என்ற பெயரில் கூட்டணி கட்டினார்கள். பின்னால் அமெரிக்க உளவுப் பணம். ஊரே வெறுத்த ஆட்கள் அவர்கள். ஜூனில் இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் என்ற இயக்கம் அவர்களை விரட்டியது. தெருவுக்குத் தெரு வசூல் செய்த சோதனைச் சாவடிகள் போயின. துறைமுகமும் விமான நிலையமும் திறந்தன. சினிமாவுக்கும் பாட்டுக்கும் தடை போட்டார்கள், அது பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரவில் நடமாட முடிந்தது. அந்த ஆறு மாதத்தை முடித்துவைத்தது டிசம்பரில் நுழைந்த எத்தியோப்பியப் படை.

எத்தியோப்பியா என்றாலே ஏன் கொதிப்பு? சோமாலியக் கொடி நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் சோமாலியர் வாழும் ஐந்து நிலங்கள். அதில் ஒன்று எத்தியோப்பியாவிடம் இருக்கும் ஒகாடன். 1977-78-ல் அதற்காகப் போரிட்டு, சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் மாறியதாலும் கியூபப் படை வந்ததாலும் தோற்றார்கள். அந்தப் பழைய எதிரி தலைநகரில் டாங்கி ஓட்டினால் என்ன ஆகும்? அதுவரை நீதிமன்ற ஒன்றியத்தின் ஒரு சின்ன முரட்டுப் பிரிவாக இருந்த அல்-ஷபாப், நாட்டைக் காக்கும் படை என்று சொல்லி ஆள் சேர்த்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியா வெளியேறியது. அதே மாதம் ஜிபூட்டியில் அதிபராகத் தேர்வானவர் யார் தெரியுமா? எத்தியோப்பியா துரத்திய அதே ஒன்றியத்தின் தலைவர் ஷெரீஃப் ஷேக் அகமது, இப்போது மேற்குலகின் வாழ்த்தோடு. அப்படியென்றால் நடுவில் இரண்டு வருடம் மொகடிசு ஏன் எரிந்தது என்று கேட்கிறார்கள். இதுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

2007-ல் வந்த ஆப்பிரிக்க ஒன்றியப் படை பற்றி இரண்டு விதமாகவும் பேசுவார்கள். 2011 ஆகஸ்டில் அல்-ஷபாப் மொகடிசுவை விட்டுப் போனது உகாண்டா, புருண்டி வீரர்கள் தெருத்தெருவாகச் செத்துச் சண்டையிட்டதால்தான். அதை மறுப்பவர் குறைவு. அதே வீரர்களின் பீரங்கி பக்காரா சந்தையில் விழுந்ததையும் மறக்கவில்லை. சம்பளமும் உறுத்தும்: ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வீரருக்கு மாதம் 1,028 டாலர் கொடுத்தது, அதில் சுமார் 200-ஐ அவரவர் அரசு பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் சோமாலிச் சிப்பாய்க்கு 100 டாலர் அளவில்தான், அதுவும் பல மாதம் வராது. எங்கள் ஆளுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்திருந்தால் இவர்கள் எதற்கு என்பது நியாயமான கேள்வி.

இன்னொன்று உயிரிழப்பு. சோமாலி வழக்கச் சட்டப்படி கொலையைக் கொன்றவரின் குலம் ஒப்புக்கொண்டு ஈடு கட்ட வேண்டும். மரபுக் கணக்கு ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. 2021 ஆகஸ்டில் கோல்வெய்னில் உகாண்டா வீரர்கள் 7 பொதுமக்களைக் கொன்றபோது, உகாண்டா ராணுவ நீதிமன்றம் மொகடிசுவிலேயே கூடி ஐந்து பேரைத் தண்டித்தது. அது அரிதான நிகழ்வு. ட்ரோன் தாக்குதலில் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவே ஆள் இல்லை, யாரிடம் போய் ஈடு கேட்பது?

துருக்கிக்குக் கிடைக்கும் நல்ல பெயருக்குக் காரணம் எளிது. 2011 பஞ்சத்தில், மேற்கத்தியத் தூதர்கள் நைரோபியில் இருந்தபோது, எர்டோகன் மனைவியோடு மொகடிசுவில் இறங்கினார். அடுத்த மார்ச்சில் துருக்கி விமானச் சேவை வந்தது. மேற்கத்தியத் தூதரகங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஹலானே முகாமின் மதிலுக்குள் இருக்க, துருக்கி கடலோரமாக நகருக்குள்ளேயே கட்டியது. தர்மம் என்று யாரும் நினைப்பதில்லை. துறைமுகமும் விமான நிலையமும் துருக்கி நிறுவனங்கள் கையில். 2021 பிப்ரவரியில் துருக்கி பயிற்றுவித்த போலீஸ் பிரிவை எதிர்க்கட்சிக்காரர்கள் மீதே ஏவியபோது அந்தப் பெயரிலும் கறை விழுந்தது.

வளைகுடா நாடுகள் பற்றிச் சுருக்கமாக: 2017-ல் சவூதியும் எமிரேட்ஸும் கத்தாரோடு உறவை முறித்த பிறகு மத்திய அரசு ஒரு பக்கம், மாநிலங்கள் மறுபக்கம் என்று பணம் பிரித்தது. 2018 ஏப்ரலில் மொகடிசு விமான நிலையத்தில் எமிரேட்ஸ் நாட்டிலிருந்து வந்த விமானத்தில் 96 லட்சம் டாலர் ரொக்கம் பிடிபட்டதைச் சிரிப்பும் எரிச்சலுமாகச் சொல்வார்கள்.

ஆகவே "சோமாலியர்கள் எதிர்க்கிறார்கள்" என்று செய்தி படித்தால் எந்த ஊர், எந்தக் குலம், அங்கே அல்-ஷபாப் எத்தனை கிலோமீட்டரில் என்று பாருங்கள். 2024 ஜனவரியில் கடல் வழிக்காக எத்தியோப்பியா சோமாலிலாந்தோடு ஒப்பந்தம் போட்டதும், எத்தியோப்பியப் படை போகட்டும் என்றது மொகடிசு. தென்மேற்கு மாநில அரசியல்வாதிகளோ இருக்கட்டும் என்றார்கள். அவர்களுக்கு ஹுதுர் நினைவிருக்கிறது: 2013 மார்ச்சில் எத்தியோப்பியர்கள் அந்த ஊரைக் காலி செய்த சில மணி நேரத்தில் அல்-ஷபாப் உள்ளே வந்துவிட்டது.